குழாயை நான் பார்த்துக்கொள்கிறேன்

ஈரப் பனியை விழுந்த கையோடு தள்ளிவிட வேண்டும். வெயில் ஏறி இறங்க விட்டால் அது கல்லாகிவிடும், பிறகு கடப்பாரைதான். இந்தச் சின்ன விஷயம் இந்தத் தெருவில் எனக்கு மட்டும்தான் உறைத்திருக்கிறது. எதிர்வீட்டு கெயில் பனி விழுந்தால் முதலில் அதைப் படம் எடுப்பாள். அவளுக்குப் பக்கத்து வீட்டு கோர்டன் ஓர் ஆளுக்குப் பணம் கொடுத்துவிட்டு, அந்த ஆள் வரும்வரை ஜன்னலில் நின்று வானத்தைத் திட்டிக்கொண்டிருப்பான். காப்பியைக் குடியுங்கள் மேடம், ஆறிவிடும். கிழவன் எதையோ சுற்றி வளைக்கிறான் என்று நினைக்காதீர்கள். விசாரணை அதிகாரியான நீங்கள் கேட்க வந்திருப்பதும் பனியைப் பற்றித்தான்.

நான் பல் மருத்துவன். ஓய்வு பெற்றுவிட்டேன், ஆனாலும் தெருவில் எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். மில்வாக்கி நகரின் நடுவில் ஆஸ்பத்திரி வைத்து ஆயுளில் பாதியை அங்கே கழித்தேன். கறுப்பர், மெக்சிகோக்காரர், லாவோஸிலிருந்து வந்த ஹ்மாங் மக்கள், போலந்துக் கிழவிகள் என்று எல்லார் வாயிலும் கையை விட்டவன் நான். என்னை யாராவது இனவெறியன் என்று சொன்னால் சிரிப்புத்தான் வரும். சாயங்காலம் ஆனால் காரை எடுத்துக்கொண்டு நகரத்துக்கு வெளியே இங்கே லிண்டன் ஹைட்ஸுக்கு வந்துவிடுவேன். கடைக்காரன் கடையிலேயே படுத்துக்கொள்வதில்லை. அவ்வளவுதான் விஷயம்.

என் அக்கா பெர்னிஸ் இன்னமும் நகரத்தில்தான் இருக்கிறாள், எங்கள் அப்பா வாங்கிப்போட்ட பழைய வீட்டில். வெள்ளிக்கிழமைகளில் வறுத்த மீன் சாப்பிடப் போவோம். ஒவ்வொரு முறையும் ஒரே பாட்டுத்தான்.

"டேய் ரோலண்ட், எங்க தெருவுல நாங்க மூஞ்சிக்கு நேரா திட்டிக்குவோம்டா. கார் நிறுத்தறதுக்குச் சண்டை, பாட்டுச் சத்தத்துக்குச் சண்டை. போன வாரம் மேல்வீட்டுக்காரி என்னைக் கிழட்டு வாத்துன்னா. ஆனா என் காரு பனியில மாட்டினப்போ அவதான் இறங்கி வந்து தள்ளினா, திட்டிக்கிட்டே. உங்க ஊர்ல எல்லாரும் எல்லாரையும் நேசிக்கிறீங்க. நேசிக்கத்தான் ஆளு இல்லை."

அக்காவுக்கு விலகிப்போக வசதியில்லை. வசதியில்லாததற்கு அன்பு என்று பேர் வைத்துக்கொண்டாள். நான் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. மீனுக்குக் காசு கொடுத்துவிட்டு வந்துவிடுவேன்.

ஒருநாள் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள், கருத்துக் கேட்கிறாளாம். வேறு இனத்தவர் உங்கள் தெருவுக்குக் குடிவந்தால் எப்படி உணர்வீர்கள் என்பது கேள்வி. எங்கள் தெருவில் ஒரு வீடு விடாமல் 'மிகவும் மகிழ்வோம்' என்றிருக்கிறார்கள். நானும் அதையேதான் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு வாயெல்லாம் பல். "நகரத்துல இப்படி இல்லை டாக்டர். பாதிப் பேரு மூஞ்சியைச் சுளிக்கிறாங்க. ஒருத்தர் கதவையே சாத்திட்டாரு. உங்க ஊரு எவ்வளவோ முன்னேறியிருக்கு" என்றாள். பாவமாக இருந்தது. கரையில் நிற்பவனிடம் நீந்தத் தெரியுமா என்று கேட்டால் தெரியும் என்றுதான் சொல்வான். இதற்கு ஒரு பல்கலைக்கழகம், அதற்கு என் வரிப்பணம்.

அப்போது கெயில் தன் புல்வெளியில் ஒரு பலகை நட்டிருந்தாள், 'இங்கே எல்லோருக்கும் இடமுண்டு' என்று. எல்லோரும் வந்துவிட மாட்டார்கள் என்ற தைரியத்தில் நட்ட பலகை அது. என் பக்கத்து வீடு விற்பனைக்கு வந்தபோது அதே கெயில் வேலியோரம் வந்து, "நல்ல குடும்பமா வரணும் டாக்டர்" என்றாள். நல்ல குடும்பம் என்றால் என்ன என்று நானும் கேட்கவில்லை, அவளும் விளக்கவில்லை. இங்கே யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை.

வந்தவர்கள் பெட்டிஃபோர்ட் குடும்பம். ஆல்வின் பம்புகள் செய்யும் ஒரு கம்பெனியில் பொறியாளர். மனைவி ரோசலின் மருந்துக்கடை நடத்துகிறவள். ஆல்வினின் தகப்பனார் லூஷியஸ், தோல் பதனிடும் ஆலையில் உழைத்து ஓய்ந்தவர், சக்கர நாற்காலியில் இருந்தார். கறுப்பினத்தவர் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? அவர்கள் வந்த அன்று தெருவே பளிச்சென்று சிரித்ததில் உங்களுக்கே புரிந்திருக்கும். கெயில் சுரைக்காய் ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு ஓடினாள். கோர்டன் ஆல்வினின் கையைப் பிடித்துக் குலுக்கியவன் விடவே இல்லை. நானும் ஓர் ஆப்பிள் பை கொண்டுபோனேன். கடையில் வாங்கியதுதான். என் மனைவி பனி தாங்காது என்று அவள் தங்கையோடு அரிசோனாவுக்குப் போனதிலிருந்து இந்த வீட்டில் அடுப்பு பாதிநாள் சும்மாதான் இருக்கிறது.

இலையுதிர்காலம் முடிவதற்குள் கோர்டன் ரகசியமாக ஒரு வீட்டுத் தரகரைக் கூப்பிட்டு, தன் வீடு என்ன விலை போகும் என்று கேட்டுவிட்டான். என்னிடம் வந்து குசுகுசுத்தான்: "நான் தப்பா ஒண்ணும் சொல்லலை டாக்டர். அருமையான மனுசங்க. விலையைத்தான் சொல்றேன்."

எனக்கு இவர்களைப் பார்த்தால்தான் குமட்டும். பயப்படுகிறவன் பயப்படுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகலாமே. உதட்டில் ஒன்று, உள்ளே ஒன்று. நான் அப்படியில்லை, கணக்காக யோசித்தேன். எங்கள் அப்பாவின் தெருவில் முதலில் ஒரு கறுப்பினக் குடும்பம் வந்தது. அதில் ஒரு தவறும் இல்லை. அதைப் பார்த்து இரண்டு குடும்பம் விற்றுக்கொண்டு ஓடியது. ஓடுகிறவர்களைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் ஓடினார்கள், வீட்டு விலை விழுந்தது. வந்தவன் கெடுக்கவில்லை, ஓடியவன்தான் கெடுத்தான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஓடுகிறவனை நிறுத்த முடியாது. வந்தவனை நிறுத்த முடியும். பல்லில் புள்ளி தெரிந்தால் வலிக்கட்டும் என்று காத்திருக்கிற வைத்தியன் இல்லை நான்.

நகரமாக இருந்தால் ஜன்னலில் கல் எறிந்திருப்பார்கள். எங்கள் சின்ன வயதில் அதையும் பார்த்திருக்கிறேன், காட்டுமிராண்டித்தனம். இங்கே அதற்கெல்லாம் அவசியமில்லை. இங்கே விதிகள் இருக்கின்றன.

இப்போது குழாய்க்கு வருகிறேன். தெருவோரம் இடுப்புக்குக் கீழே ஒரு சிவப்புக் குழாய் நிற்குமே, தீயணைப்புக்காரர்கள் தண்ணீர் எடுப்பது. எங்கள் பக்கம் அது என் புல்வெளியும் பெட்டிஃபோர்ட் புல்வெளியும் சேரும் கோட்டில் இருக்கிறது, அளந்து பார்த்தால் அவர்கள் பக்கம். பனி விழுந்தால் அதைச் சுற்றித் தோண்டி வைக்க வேண்டியது மனைக்காரரின் பொறுப்பு, தவறினால் அபராதம். அது எழுத்தில் உள்ள விதி. நடைமுறை வேறு. முன்பு அந்த வீட்டில் இருந்த விதவைக்கு முடியாது என்பதால், பனியை வாரி வீசும் பெரிய இயந்திரம் வைத்திருக்கிற நான்தான் ஒவ்வொரு குளிர்காலமும் தோண்டிவந்தேன். இங்கே இப்படித்தான். யாருக்கு எது முடியுமோ அதைச் சொல்லாமல் செய்துவிடுவோம். மற்றவர்கள் செய்தாயிற்றா என்று பார்க்கக்கூட மாட்டார்கள்.

முதல் பனி விழுந்த காலை ஆல்வின் ஒரு புது மண்வாரியோடு வந்தார், விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல்.

"டாக்டர், இந்தக் குழாயைச் சுத்தி நாமதான் தோண்டணுமாமே? அப்பா சொன்னாரு. எங்க பழைய தெருவுல யாரு முதல்ல எழுந்தாங்களோ அவங்க தோண்டுவாங்க. அப்புறம் நாள்பூரா மத்தவங்களைச் சோம்பேறின்னு வைவாங்க."

"நீங்க ஏன் தம்பி இடுப்பை உடைச்சுக்கறீங்க? குழாயை நான் பார்த்துக்கறேன். எத்தனையோ வருசமா அது என் வேலை. நீங்க கை வெச்சா எனக்குக் கோவம் வரும்."

அவர் சிரித்தார். "அப்ப நான் தப்பிச்சேன். அப்பாகிட்ட நான்தான் தோண்டினேன்னு சொல்லிக்கறேன், காட்டிக் குடுத்துடாதீங்க" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அதைச் சொன்னபோது என் மனதில் ஒன்றும் இல்லை என்று உங்களிடம் சொல்லலாம். சொல்ல மாட்டேன். இருந்தது.

யோசனை எளிமையானது. குழாய் மூடிக் கிடக்கும். ஊர் அலுவலகம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பும், அப்புறம் அபராதம், அப்புறம் இன்னொன்று. அதற்குள் தெருவில் பேச்சு கிளம்பும், அந்த வீட்டுக்காரர்களுக்கு அக்கறை போதாது என்று. தோலின் நிறத்தைப் பற்றி யாரும் வாய் திறக்க வேண்டியிருக்காது, அக்கறையைப் பற்றிப் பேசினால் போதும். இரண்டு குளிர்காலம் அப்படிப் போனால் அவர்களே நல்ல விலைக்கு விற்றுக்கொண்டு, தங்களுக்கு ஒத்துவரும் இடத்துக்குப் போய்விடுவார்கள். யாருக்கும் நஷ்டமில்லை.

என் இயந்திரத்தின் மூக்கை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பலாம். அதை அந்தக் கோட்டுப் பக்கம் திருப்பினேன். என் பாதையில் விழுந்த பனியெல்லாம் குழாய்மேல் போய் விழுந்தது. பனி வழிக்கும் லாரி தெருவிலிருந்து தள்ளியதும் அதன்மேல்தான் விழுந்தது. பனிக்குள் புதைந்தாலும் தெரியட்டும் என்று குழாயில் ஒரு கம்பியும் சிவப்புக் கொடியும் மாட்டியிருப்பார்கள். அதைக் கழற்றிப் பத்திரமாக என் கார் கொட்டகையில் வைத்தேன், இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

பெரியவர் லூஷியஸின் அறை கீழ்த்தளத்தில், என் பக்கம் பார்த்தது. நான் இயந்திரத்தோடு வெளியே வந்தால் அவர் ஜன்னலுக்கு நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்துவிடுவார். அவர்களுக்காக நான் குளிரில் நின்று பாடுபடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு கையை உயர்த்துவார். நானும் கையை உயர்த்துவேன். ஒருநாள் ஆல்வின் ஒரு பாத்திரத்தில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு பை கொண்டுவந்தார்.

"அப்பா செஞ்சது டாக்டர். நாற்காலியில உக்காந்துக்கிட்டே மாவு பிசைஞ்சாரு. 'அந்த மனுசன் நமக்காக விறைச்சுப்போறான், வெறுங்கையோட விடாதே'ன்னுட்டாரு."

சாப்பிட்டேன். ஜாதிக்காய் தூக்கலாக இருந்தது. பாத்திரத்தைக் கழுவித்தான் திருப்பிக் கொடுத்தேன். நாகரிகம் என்று ஒன்று இருக்கிறது.

அதன்பிறகுதான் ஊர் அலுவலகத்துக்குப் பேர் சொல்லாமல் தொலைபேசியில் புகார் கொடுத்தேன். கடிதம் வந்தது. ஆல்வின் அதை எடுத்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தார்.

"என்ன டாக்டர் இது? நீங்க தோண்டிக்கிட்டே இருக்கீங்க, இவங்க தோண்டலைங்கறாங்க. எங்க பக்கமிருந்து பார்த்தா பெரிய சுவரால்ல இருக்கு?"

"வழி என் பக்கமா வெட்டியிருக்கேன் தம்பி. அந்த ஆபீஸ்ல எல்லாம் அரைத்தூக்கம். நான் பேசிக்கறேன், விடுங்க."

விட்டுவிட்டார். நம்புகிறவன் எட்டிப் பார்ப்பதில்லை. நகரத்திலேயே இருந்திருந்தால் எட்டிப் பார்த்திருப்பார். அங்கே யாரும் யாரையும் அந்த அளவுக்கு நம்புவதில்லை. இங்கே வந்தவுடன் எங்கள் பழக்கத்தைக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டார், அதில் வந்த பிழை.

நான் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். தெருவிலிருந்து பார்த்தால் அந்தக் குன்று கண்ணைக் குத்தும். தினமும் நாயோடு நடக்கிற கெயில் பார்த்தாள். என்னை நிறுத்தி, "பாவம் டாக்டர், அவங்களுக்கு நம்ம பழக்கம் தெரியலை போல" என்றாள்.

"போய்ச் சொல்லலாமே, கெயில்."

"ஐயோ, நான் போய் எப்படி? அவங்க நிறத்தைப் பார்த்துதான் குறை சொல்றேன்னு நினைச்சுட்டா?"

இதுதான் எங்கள் ஊர். தன் நல்ல பேருக்குப் பங்கம் வந்துவிடுமே என்று ஒரு வார்த்தை சொல்லாமல் போனாள். அக்கா தெருவில் இருக்கிற அந்த வாயாடி மேல்வீட்டுக்காரியாக இருந்தால் கதவைத் தட்டி, "ஏம்ப்பா, உனக்கு மண்வாரி பிடிக்கத் தெரியாதா?" என்று கத்தியிருப்பாள். ஒரு உயிர் மிஞ்சியிருக்கும். நான் நகரத்தைப் புகழவில்லை, நடந்திருக்கக்கூடியதைச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆல்வினும் ரோசலினும் காலையிலேயே நகரத்துத் தேவாலயத்துக்குப் போய்விட்டார்கள். வீட்டை இங்கே மாற்றினார்களே தவிர, தேவாலயத்தை மாற்றவில்லை. சக்கர நாற்காலி இறங்கும் சாய்தளம் உறைந்திருந்ததால் பெரியவர் வீட்டிலேயே இருந்தார். தெருவில் ஈ காக்கை இல்லை. எல்லா வீட்டிலும் கால்பந்தாட்டம் ஓடிக்கொண்டிருந்தது. நான் பீரில் தொத்திறைச்சி வேகவைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் துணி உலர்த்தும் அறையிலிருந்து புகை வருவது என் சமையலறை ஜன்னலில் தெரிந்தது.

நான்தான் முதலில் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிட்டேன். அது பதிவாகியிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். வண்டி சீக்கிரமாகவே வந்தது. வண்டியில் கொஞ்சம் தண்ணீர் இருக்கும், அது தீருவதற்குள் குழாயில் இணைத்துவிட வேண்டும். இரண்டு பேர் உள்ளே போனார்கள். மற்றவர்கள் நீளக் கம்பிகளால் பனியைக் குத்திக் குத்திக் குழாயைத் தேடினார்கள். அவ்வளவு பனியில் ஒருவருக்கும் இடம் பிடிபடவில்லை.

ஓர் இளைஞன் என்னிடம் ஓடிவந்தான். "சார், குழாய் எங்க சார்? வரைபடத்துல இங்கதான் எங்கயோ காட்டுது. உள்ள ஆளு இருக்காங்க சார்."

கண்ணைக் கட்டிவிட்டாலும் நான் போய் அதன்மேல் கை வைப்பேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். காட்டினால் தோண்டுவார்கள். தோண்டினால் பனிக்குக் கீழே பனிக்கட்டி இருக்கும். இதை நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். குவித்தது சரியாமல் நிற்கட்டும் என்று கடுங்குளிர் நாட்களில் நான் வாளி வாளியாக அதன்மேல் தண்ணீர் ஊற்றியிருந்தேன். விழுந்த பனிக்கும் ஊற்றிய கட்டிக்கும் உள்ள வித்தியாசம் அவர்களுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் தெரு முழுக்க என் பேச்சாகிவிடும். மரியாதையாக வாழ்ந்த இடம்.

"இந்தப் பக்கம் இல்லை தம்பி. கோர்டன் வீட்டுக்கு நேரா இருக்கும், அங்க பாருங்க" என்று தெருவுக்கு அந்தப் பக்கம் கையை நீட்டினேன்.

அவன் நன்றி சொல்லிவிட்டு ஓடினான். எல்லோரும் அங்கே போய்த் தோண்டினார்கள். வண்டித் தண்ணீர் தீர்ந்ததும் உள்ளே போன இருவரையும் வெளியே இழுத்துவிட்டார்கள். அடுத்த தெருவிலிருந்து குழல் இழுத்துக்கொண்டு வந்து சேர்ப்பதற்குள் கூரை இறங்கிவிட்டது. பெரியவரின் ஜன்னல் என் பக்கம் பார்த்தது என்று முன்பே சொன்னேன். அதைப் பற்றி இதற்குமேல் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன். அடுப்பை அணைக்க உள்ளே போனேன்.

மறுநாள் ஆல்வின் வந்தார், தேவாலயத்துக்குப் போட்டுக்கொண்டுபோன அதே கோட்டில். அவருக்கு எதிராகத் தெருவே ஒரு முடிவுக்கு வந்திருந்தது, மிகுந்த அனுதாபத்தோடு. விதிப்படி குழாய் அவர் பொறுப்பு, கடிதமும் போயிருக்கிறது, மகனுடைய அசட்டையால் தகப்பன் போய்விட்டார் என்று.

"டாக்டர், நான் ஒரு தடவையாவது எட்டிப் பார்த்திருக்கணும். உங்களை மாதிரி வயசான மனுசர் தலையில எல்லாத்தையும் கட்டிட்டு நான் பாட்டுக்கு இருந்துட்டேன். உங்களைத் தப்பா நினைக்கலை. நீங்க மனசு உடைஞ்சிடாதீங்க. என்னை மன்னிச்சுக்கங்க."

"பரவாயில்லை தம்பி" என்றேன்.

அதற்காக உருகிப்போய் உங்களைக் கூப்பிட்டேன் என்று எழுதிவிடாதீர்கள். கூப்பிட்ட காரணம் வேறு. நேற்று கெயில் பெரியவர் நினைவாக மெழுகுவத்திக் கூட்டம் நடத்தினாள். தெருவே கூடி நின்று அழுதது. கோர்டன் விக்கி விக்கி அழுதான், தரகரிடம் விலை கேட்டவன். கடைசியில் கெயில் என் தோளில் கை வைத்து, "நல்ல அக்கம்பக்கத்தார்னா எப்படி இருக்கணும்னு டாக்டர் ரெண்டு வார்த்தை சொல்லுவாரு" என்றாள். அந்த முகங்களைப் பார்த்தேன். ஒவ்வொருவருக்கும் குன்று தெரிந்திருந்தது. ஒருவருக்கும் வாய் வரவில்லை. இந்தப் பொய்யர்களுக்கு நடுவில் நின்று என்னால் பேச முடியவில்லை. இந்தத் தெருவில் உண்மை பேசுகிறவன் ஒருவனாவது இருக்கட்டும் என்றுதான் உங்களுக்குச் சொல்லியனுப்பினேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். கொடியைக் கழற்றியது நான். பனியைக் குவித்து உறையவைத்தது நான். புகார் கொடுத்தது நான். கையைத் தவறான பக்கம் நீட்டியதும் நான்தான். ஆல்வின்மீது ஒரு குற்றமும் இல்லை. ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள் மேடம்: லூஷியஸ்மீது எனக்கு எந்த வெறுப்பும் கிடையாது. அவர் மட்டும் வேறு ஏதாவது தெருவில் இருந்திருந்தால் அவரை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கும்.